அகன்ற இலைக் காட்டில் மரத்தை அழுகவைக்கும் பூஞ்சைகள்: முதல்முறை கணக்கெடுக்கப் போகிறவர்களுக்கு

காட்டில் செத்து விழுந்த மரங்களில் என்னென்ன பூஞ்சைகள் இருக்கின்றன என்று பட்டியல் போடக் கிளம்புகிறவர்கள், பெரும்பாலும் ஒரு பை நிறையக் காளானோடு திரும்பி வருகிறார்கள். பெயர் கண்டுபிடிக்க உட்காரும்போதுதான் சிக்கல் தெரியும். இது எந்த மரத்தில் இருந்தது? கட்டை எவ்வளவு பருமன்? நின்றுகொண்டிருந்ததா, விழுந்து கிடந்ததா? ஒன்றும் எழுதியிருக்காது. அகன்ற இலைக் காட்டில் பூஞ்சைகளின் வகைப்பெருக்கம் என்பது முக்கால்வாசி கட்டைகளின் வகைப்பெருக்கம்தான். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும்: முதலில் கட்டையை எழுதுங்கள், அப்புறம் பூஞ்சையை எடுங்கள்.

கையேடுகள் பூஞ்சையை விளக்கும். அனுமதிக்கு எத்தனை மாதம் ஆகும், எதற்குப் பணம் கரையும், எந்த வேலையைத் தள்ளிப்போட்டால் மாதிரி வீணாகும் என்பதெல்லாம் அவற்றில் இருக்காது. நான் அலைந்து திரிந்து தெரிந்துகொண்டதை வரிசையாகத் தருகிறேன்.

## 1. காளானுக்கு முன்னால் காகிதம்

பார்ப்பதற்கும் படமெடுப்பதற்கும் ஒரு அனுமதி, மாதிரி எடுப்பதற்கு இன்னொரு அனுமதி. பல இடங்களில் இவை இரண்டும் வேறு வேறு. நுழைவு அனுமதிச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கத்தியை எடுத்தால் பிரச்சினை வரும். தனியார் காடாக இருந்தால் உரிமையாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது, ஏனென்றால் பிற்பாடு ஹெர்பேரியம் (உலர் மாதிரிகளைப் பாதுகாக்கும் காப்பகம்) அந்தக் கடிதத்தைக் கேட்கும்.

மாதிரி எல்லை தாண்டுவதாக இருந்தால் நகோயா நெறிமுறை குறுக்கே வரும். 2010இல் ஏற்கப்பட்டு 2014 அக்டோபர் 12 முதல் நடைமுறையில் இருக்கும் இந்த உடன்படிக்கைப்படி, இன்னொரு நாட்டின் மரபுவளத்தை ஆய்வுக்குப் பயன்படுத்த அந்த நாட்டின் முன்னொப்புதலும், பலனை எப்படிப் பகிர்வது என்ற பரஸ்பர உடன்பாடும் தேவைப்படலாம். சில நாடுகள் ஒப்புதல் கேட்கின்றன, சில கேட்பதில்லை; அந்தந்த நாட்டின் தொடர்பு அலுவலகத்தில் விசாரிப்பதுதான் வழி. 'காய்ந்த காளான்தானே, அதிலிருந்து எடுத்த டி.என்.ஏ.தானே' என்று நினைத்து அஞ்சலில் போட்டுவிடாதீர்கள். உலர்ந்ததும் இதில் அடங்கும், அதிலிருந்து பிரித்த டி.என்.ஏ.வும் அடங்கும்.

விண்ணப்பத்தில் எழுத வேண்டியவை: இடத்தின் எல்லை, காலம், எத்தனை மாதிரி, ஒவ்வொன்றும் எவ்வளவு பெரியது, எங்கே வைப்பில் வைக்கப்படும், கட்டையை வெட்டுவீர்களா. 'பழக்கட்டமைப்பின் (வெளியே தெரியும் காளானின்) ஒரு பகுதி மட்டும், தீப்பெட்டி அளவுக்கு மிகாமல்' என்று எழுதினால் அதிகாரிக்கு உடனே புரியும். 'பூஞ்சை மாதிரிகள்' என்று மட்டும் எழுதினால் கேள்விக் கடிதம் வரும். அதற்குப் பதில் எழுதி, மறுபடி காத்திருந்து, பருவமே போய்விடும். போக நினைக்கும் பருவத்துக்கு ஆறு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள். எனக்கு ஒரு அனுமதி கைக்கு வந்தபோது காளான்கள் எல்லாம் காய்ந்து புழு அரித்துக் கிடந்தன.

இன்னொன்று: சில சிற்றினங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அருவிபோல முள் தொங்கும் ஹெரிசியம் எரினேசியஸ் பிரிட்டனில் அப்படிப் பாதுகாக்கப்படுகிறது. உங்கள் பகுதியின் சிவப்புப் பட்டியலை, அதாவது அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலை, முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

## 2. எப்போது போவது

'மழைக்குப் பிறகு' என்ற பதில் பாதிதான் சரி. மரத்தில் பலகைபோல நீட்டிக்கொண்டிருக்கும் பல்லாண்டுத் துளைக்காளான்கள் (அடிப்புறத்தில் நுண்துளைகள் உள்ளவை), அதாவது ஃபோமஸ், கானோடெர்மா, ஃபெல்லினஸ் போன்றவை, ஆண்டு முழுவதும் இருக்கும். ஓராண்டுத் துளைக்காளான்களும் கட்டையின் அடிப்பக்கத்தில் சுண்ணாம்பு பூசினதுபோலப் படரும் பூச்சுப் பூஞ்சைகளும் மிதவெப்பக் காடுகளில் இலையுதிர்காலத்தின் பிற்பகுதியில்தான் நன்றாகக் கிடைக்கும். பிளூட்டியஸ், மைசீனா மாதிரிக் குடைக்காளான்கள் சில நாளில் அழுகிவிடும், வந்துபோனதே தெரியாது. வெப்பமண்டலக் காட்டில் மழைக்காலத்தின் நடுவும் முடிவும் உகந்த நேரம்.

ஒரே தடவை போய் வந்து 'இந்தக் காட்டில் இவ்வளவுதான்' என்று எழுதாதீர்கள். குறைந்தது இரண்டு முறை, முடிந்தால் மூன்று, வெவ்வேறு பருவத்தில். ஒரே முறைதான் முடியும் என்றால் துளைக்காளான்களோடு நிறுத்திக்கொள்வது நேர்மை.

## 3. பணம் எங்கே போகும்

கருவிகள் மலிவு: பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ், உறுதியான கத்தி, சிறிய உளி, மில்லிமீட்டர் அளவுகோல், காகித உறைகள், பென்சில், ஈரத்தாங்கும் குறிப்பேடு. பிளாஸ்டிக் பை வேண்டாம், உள்ளே வியர்த்து மாதிரி புளித்துப்போகும்.

செலவு மூன்று இடத்தில் வரும். முதலாவது நுண்ணோக்கி, எண்ணெய் முழுக்கு லென்ஸோடு ஆயிரம் மடங்கு பெருக்குவது இல்லாமல் பூச்சுப் பூஞ்சைகளைத் தொடவே முடியாது. சொந்தமாக வாங்காமல், ஏதாவது கல்லூரி ஆய்வகத்தில் வாரத்தில் ஒரு நாள் உட்கார அனுமதி கேட்டுப் பாருங்கள். இரண்டாவது டி.என்.ஏ. வரிசைப்படுத்தல், அது மாதிரிக்கு இவ்வளவு என்று ஏறும். மூன்றாவது, யாரும் கணக்கில் சேர்க்காதது: உங்கள் நேரம். காட்டில் ஒரு நாள் சேகரித்தால் மேஜையில் மூன்று நாளாவது ஆகும். இந்தக் கணக்கைத் திட்டத்தில் எழுதாதவர்கள் வீட்டில்தான் பெயர் எழுதாத உறைகள் பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன.

## 4. எல்லை போடுங்கள், சுள்ளியையும் சேருங்கள்

இஷ்டத்துக்கு நடந்து, கண்ணில் பட்டதை எடுத்தால் அழகான சேகரிப்பு கிடைக்கும், ஒப்பிட முடியாது. ஒரு சதுரமோ நீளப் பட்டையோ அளந்து, அதற்குள் இருக்கும் செத்த மரத்தை எல்லாம் பாருங்கள். பூஞ்சை இல்லாத கட்டையையும் எழுத வேண்டும். இதை விட்டுவிட்டால், பிற்பாடு எந்தக் கட்டை பூஞ்சைக்குப் பிடிக்கிறது என்று சொல்ல வழியே இருக்காது.

பத்து சென்டிமீட்டருக்கு மேல் விட்டமுள்ளதைப் பருங்கட்டை என்றும் அதற்குக் கீழ் இருப்பதைச் சுள்ளி என்றும் பிரிப்பது பரவலான வழக்கம். புதியவர்கள் பருங்கட்டையை நோக்கி நேராக ஓடுவார்கள். ஆனால் அகன்ற இலைக் காட்டில் சுள்ளியும் விரல்பருமன் கிளையும் பெரிய செல்வம். ஒரே கனஅளவுக்குச் சுள்ளியில் மேற்பரப்பு அதிகம், துண்டுகளும் அதிகம். ஒவ்வொரு துண்டும் தனி வீடு. மரத்தில் வாழும் பைப்பூஞ்சைகளில் (வித்துகளைச் சிறு பைக்குள் உருவாக்குபவை) பெரும்பகுதி அங்கேதான் இருக்கும். ஓக் மரத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் செத்த கிளையில் பட்டை சுருண்டு உரிந்திருந்தால், அடியில் வூயில்மினியா கோமெடென்ஸ் மெழுகுப் பூச்சாக இருக்க வாய்ப்பு அதிகம். பட்டையை அப்படி உரித்துவிடுவதே அதுதான். தரையை மட்டும் பார்த்துப் போகிறவருக்கு இது தென்படாது.

பருங்கட்டையையும் ஒதுக்க முடியாது. முதிய மரத்தின் வைரம் பாய்ந்த நடுப்பகுதியை உள்ளிருந்து அரிக்கும் ஃபிஸ்டுலினா ஹெபாட்டிகா, லேட்டிபோரஸ் சல்ஃபூரியஸ் போன்றவற்றுக்குப் ஓக் போன்ற பெரிய, வயதான மரமே வேண்டும். சுள்ளியில் தேடினால் கிடைக்காது. ஆக, இரண்டுக்கும் தனித்தனிப் படிவம் வைத்துக்கொள்ளுங்கள். சுள்ளிக்குச் சிறிய சதுரம் போதும். பெரிய சதுரத்தில் சுள்ளி எண்ண ஆரம்பித்தால் இருட்டிவிடும்.

## 5. கட்டையை எழுதும் முறை

இந்த இடத்தில் அவசரம் கூடவே கூடாது. ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு எண். அந்த எண்ணுக்கு எதிரே ஆறு விவரம்.

மரத்தின் சிற்றினம். பட்டை உதிர்ந்துவிட்டால் அடையாளம் காண்பது கஷ்டம். அருகில் நிற்கும் உயிர்மரங்கள், அடியில் கிடக்கும் பட்டைத் துண்டு, குறுக்குவெட்டில் தெரியும் குழாய்களின் அமைப்பு உதவும். தெரியவில்லை என்றால் 'அகன்ற இலை, தெரியவில்லை' என்று எழுதுங்கள். ஊகித்து எழுதிய மரப்பெயரை நம்பிப் பூஞ்சைப் பெயரைத் தேடினால் தப்பான விடைக்குத்தான் போய்ச் சேருவீர்கள்.

விட்டமும் நீளமும். நிலை: நிற்கும் மரமா, ஒடிந்த முண்டமா, தரையைத் தொட்டுக் கிடக்கிறதா, கிளைகளின் மேல் தொங்கி நிற்கிறதா. தரையைத் தொடும் கட்டைக்கும் தொடாததுக்கும் ஈரப்பதத்தில் மிகுந்த வித்தியாசம், பூஞ்சைக் கூட்டமும் அதற்கேற்ப மாறும்.

அழுகல் நிலை, ஒன்று முதல் ஐந்து வரை. கத்திமுனையால் குத்திப் பார்ப்பது எளிய வழி. சில மில்லிமீட்டர்தான் இறங்கினால் ஒன்று, ஒன்றிரண்டு சென்டிமீட்டர் என்றால் இரண்டு, நாலைந்து சென்டிமீட்டர் வரை போனால் மூன்று. கத்தி பிடிவரை இறங்கினால் நான்கு. கையில் எடுத்தாலே உதிர்ந்தால் ஐந்து. ஒரே கட்டையின் இரண்டு முனையும் வெவ்வேறு நிலையில் இருக்கும், பூஞ்சை இருக்கும் இடத்தில் குத்துங்கள். இந்த எண் ஏன் முக்கியம் என்றால், பூஞ்சைகள் வரிசையாக வந்து போகின்றன. புதிதாகச் செத்த பீச் மரத்தில் ஹைபாக்சிலான் ஃபிராகிஃபார்மே முதலில் தலைகாட்டும். மரம் உயிரோடிருந்தபோதே உள்ளே பதுங்கியிருந்ததுதான். பியர்கண்டேரா அடஸ்டா வந்த இடத்தில் டிராமீட்டஸ் கிப்போசா பின்னாலேயே வந்து அதன்மேல் ஒட்டுண்ணியாகி இடத்தைப் பிடிக்கும். கட்டை நன்றாக மக்கிய பிறகுதான் பிளூட்டியஸ் வரும்.

அழுகலின் வகை. மரம் வெளுத்து, நாராகவோ பஞ்சாகவோ பிரிந்தால் வெள்ளை அழுகல். மரத்துக்கு இறுக்கம் தரும் லிக்னினையும் பூஞ்சை சேர்த்துத் தின்கிறது. பழுப்பாகி, சதுரம் சதுரமாக வெடித்து, விரலால் நசுக்கினால் பொடியானால் பழுப்பு அழுகல். செல்லுலோஸ் போய் லிக்னின் மிச்சம் இருக்கிறது. அகன்ற இலை மரங்களில் வெள்ளை அழுகலே மேலோங்கி இருக்கும், பழுப்பு அழுகல் ஊசியிலை மரங்களில் அதிகம். அதனால் ஓக்கில் பழுப்பு அழுகல் கண்டால் உங்கள் தேடல் சட்டென்று குறுகிவிடும்: லேட்டிபோரஸ், ஃபிஸ்டுலினா, டிடேலியா குவெர்சினா என்று சில பெயர்கள்தான். பிர்ச் மரத்தில் என்றால் ஃபோமிடாப்சிஸ் பெடுலினா. கட்டையின் வெட்டுமுகத்தில் மெல்லிய கருங்கோடுகள் ஓடினால் அதையும் குறியுங்கள். பூஞ்சைகள் தங்கள் பகுதியைச் சுற்றி எழுப்பும் சுவர் அது. ஒரே கட்டைக்குள் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்பதற்கு ஒரு தடயம்.

ஆறாவது, கட்டையில் பூஞ்சை இருந்த இடம்: மேலா, அடியா, பட்டை மேலா, வெட்டுமுகமா.

## 6. எடுப்பதும் படமும்

முதலில் இருந்த இடத்திலேயே படம்: தூரத்திலிருந்து கட்டையோடு ஒன்று, மேற்புறம் ஒன்று, அடிப்புறம் ஒன்று, அளவுகோலோடு. அடிப்புறப் படம் இல்லாவிட்டால் மற்ற படங்களால் பெரிய பயன் கிடையாது. வான்கோழி வால்போலப் பட்டை பட்டையாக நிறம் காட்டும் டிராமீட்டஸ் வெர்சிகலரும், அதேபோலத் தோன்றும் ஸ்டீரியமும் மேலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி. திருப்பினால் முன்னதில் நுண்துளைகள் இருக்கும், பின்னதில் வழவழவென்று ஒன்றும் இருக்காது.

பிறகு மரத்துண்டோடு சேர்த்து உளியால் பெயர்த்தெடுங்கள். பூச்சுப் பூஞ்சையைச் சுரண்டினால் தூள்தான் மிஞ்சும். பச்சையாக இருக்கும்போது மட்டும் தெரிவதை அங்கேயே எழுதுங்கள்: மணம், கீறினால் சிவக்கிறதா, பால் வடிகிறதா, அழுத்தினால் கறுக்கிறதா. ஸ்டீரியம் காசபேட்டம் கீறினால் இரத்தம்போலச் சிவக்கும், அது ஈரமாக இருக்கும்போது. ஒரு உறையில் ஒரு மாதிரிதான். திருப்பும் கட்டையை, பார்த்து முடித்ததும் பழையபடி வையுங்கள். அடியில் குடியிருக்கும் பூச்சிகளுக்கும் பூஞ்சைக்கும் அந்த இருட்டும் ஈரமும் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை, காற்றடிக்கும் நாளில் செத்து நிற்கும் மரங்களுக்கு அடியில் நிற்காதீர்கள். நீங்கள் தேடி வந்த அழுகல்தான் அந்தக் கிளையைத் தலையில் போடும்.

## 7. மரத்தில் இருப்பதெல்லாம் மரத்தை அழுகவைப்பதல்ல

பட்டியலை ஊதிப் பெருக்கும் பொறி இது. கட்டையில் ரோஜா நிற உருண்டைகளாக இருக்கும் லைகோகாலா, மஞ்சள் கூழாக வழியும் ஃபியூலிகோ ஆகியவை சளிப்பூஞ்சைகள்; பூஞ்சை உலகத்தைச் சேர்ந்தவையே அல்ல. மஞ்சள் ஜெல்லியாகத் தொங்கும் டிரெமெல்லா மெசென்டெரிகா மரத்தைத் தின்பதில்லை, உள்ளே இருக்கும் பெனியோஃபோரா என்ற இன்னொரு பூஞ்சையைத் தின்கிறது. மக்கிய கட்டையின் அடியில் பழுப்பு மெத்தையாகப் படரும் டொமென்டெல்லா உயிருள்ள மர வேர்களோடு கூட்டுவாழ்க்கை நடத்துவது. கட்டை அதற்கு வித்து (ஸ்போர்) விட ஒரு திண்ணை மட்டும். இவற்றைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. தனிப் பத்தியில் எழுதி, மரத்தை அழுகவைப்பவற்றின் எண்ணிக்கையில் சேர்க்காமல் விடுங்கள்.

## 8. அன்றைக்கே உலர்த்துங்கள்

நாளைக்குப் பார்க்கலாம் என்றால் நாளைக்கு உறைக்குள் வெள்ளைப் பூசணமும் வண்டுப்புழுவும் இருக்கும். நாற்பது, நாற்பத்தைந்து டிகிரி செல்சியஸில் காற்றோட்டத்தோடு, ஒடித்தால் சடக்கென்று முறியும்வரை உலர்த்துங்கள். அடுப்பில் வைத்து வறுத்தால் டி.என்.ஏ. சிதையும். குடைக்காளானாக இருந்தால் உலர்த்துவதற்கு முன் வித்துப்படிவு எடுங்கள், அதாவது காளானைக் கவிழ்த்து வைத்து வித்து விழவிடுங்கள். பூச்சுப் பூஞ்சையைக் கண்ணாடிச் சில்லின்மேல் கவிழ்த்து இரவு முழுக்க விட்டாலும் வித்து விழும். காய்ந்தபின் காற்றுப்புகாப் பையில் போட்டு மைனஸ் இருபது டிகிரியில் ஒரு வாரமாவது உறைய வைத்தால் சீய்டே குடும்பத்துக் காளான் வண்டுகள் செத்துப்போகும். இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் உறைக்குள் தூள் மட்டும்தான் மிச்சம்.

## 9. மேஜையில்

வரிசை முக்கியம், மலிவானதை முதலில் செய்யுங்கள். கைலென்ஸும் அளவுகோலும் வைத்து மில்லிமீட்டருக்கு எத்தனை துளை என்று எண்ணுங்கள். ஒன்றிரண்டா, ஐந்தாறா என்பதிலேயே பாதிப் பெயர்கள் கழிந்துவிடும்.

அடுத்தது ஒரு துளி பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல், மூன்று முதல் ஐந்து சதவீதம். பழுப்புச் சதை உடனே கறுத்து அப்படியே நின்றால் ஃபெல்லினஸ், ஹைமனோகீட் போன்றவை அடங்கிய குடும்பம். ஊதாவாக மாறினால் ஹபலோபைலஸ் ருட்டிலன்ஸ். அது நச்சுக் காளான், கையைக் கழுவிவிடுங்கள்.

நுண்ணோக்கியில் பார்க்க வேண்டியவை வித்து, இழை, இழைகளின் இணைப்பில் கொக்கிபோலத் தெரியும் கிளாம்ப். தடித்த சுவருள்ள இழைகள் கலந்திருக்கின்றனவா என்பதைப் பொறுத்து ஓரிழை, ஈரிழை, மூவிழை அமைப்பு என்று பிரிப்பார்கள். இழைகளை ஊசியால் பொறுமையாகப் பிரித்தெடுக்க ஒரு மாதமாவது பழக வேண்டும். பழக டிராமீட்டஸ் நல்லது, மூன்று வகை இழையும் அதில் உண்டு. வித்துகளில் முப்பதையாவது அளந்து வீச்சை எழுதுங்கள். இரட்டைச் சுவரும் ஒரு முனை வெட்டியதுபோலவும் இருக்கும் பழுப்பு வித்து என்றால் கானோடெர்மா, சந்தேகமே வேண்டாம்.

வித்தின் நிறமாற்றம் பார்க்கப் பயன்படும் அயோடின் கலவையான மெல்சர் கரைசலை வாங்குவதில் ஒரு சிக்கல் உண்டு. அதிலுள்ள குளோரல் ஹைட்ரேட் பல நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து, அதற்கும் தனிக் காகிதம் கேட்பார்கள். வித்து நீலமாகிறதா என்று பார்க்க மட்டும் என்றால் சாதாரண அயோடின் கரைசலே பெரும்பாலும் போதும்.

வித்தே இல்லாத, வயதான மாதிரியோடு மல்லுக்கட்டாதீர்கள். அதற்கு ஒரு மணி நேரம், அதிகபட்சம். பிறகு 'பெயரிட முடியவில்லை' பெட்டியில் போட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள்.

## 10. டி.என்.ஏ. எப்போது, எதற்கு

எல்லாவற்றையும் அனுப்பப் பணம் யாருக்கும் இல்லை. மூன்று வகையை மட்டும் அனுப்புங்கள்: நுண்ணோக்கியில் இரண்டு பெயருக்கு நடுவே நிற்பது, அந்தப் பகுதிக்குப் புதியது என்று தோன்றுவது, வித்தில்லாமல் ஆனால் பல கட்டைகளில் வந்தது. சதையின் உட்புறத்திலிருந்து மிளகளவு எடுத்தால் போதும். மேற்பரப்பில் டிரைக்கோடெர்மா போன்ற பூசணம் இருக்கும், அதன் வரிசைதான் திரும்பி வரும்.

டி.என்.ஏ.வில் ஐ.டி.எஸ். என்ற பகுதியைப் பூஞ்சைகளின் பொது அடையாளக்குறியாக 2012இல் முன்மொழிந்து ஏற்றுக்கொண்டார்கள். பெரும்பாலும் வேலை செய்யும். கானோடெர்மா போன்ற சில பேரினங்களில் நெருங்கிய சிற்றினங்களைப் பிரிக்காது, வேறு மரபணுவும் தேவைப்படும். ஜென்பேங்க் என்ற பொது டி.என்.ஏ. தரவுத்தளத்தில் முதலில் வரும் பெயரை அப்படியே எழுதிக்கொள்வது ரொம்பவும் பரவலான தவறு. அங்கே பெயர் தவறாக ஒட்டிய வரிசைகள் நிறைய. பூஞ்சைகளுக்கான யுனைட் தரவுத்தளத்தில் ஒப்பிட்டு, அந்த வரிசைக்கு ஹெர்பேரிய மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள்.

கட்டையைத் துளையிட்டு மரத்தூளிலிருந்து மொத்த டி.என்.ஏ. படிப்பது வேறு வேலை. காளான் விடாமல் உள்ளே இழையாக இருப்பவை எல்லாம் அதில் தெரியும், பட்டியல் நீளும். ஆனால் காட்ட மாதிரி எதுவும் கையில் இருக்காது, செலவும் வேறு ரகம். முதல் பருவத்தில் வேண்டாம்.

## 11. எண்ணுவதும் ஒப்படைப்பதும்

காளான்களை எண்ணாதீர்கள். ஒரு கட்டையில் வரிசையாக நாற்பது டிராமீட்டஸ் இருந்தாலும் அது ஒரே உயிரின் நாற்பது கை ஆக இருக்கலாம். கட்டைகளை எண்ணுங்கள்: இந்தச் சிற்றினம் இத்தனை கட்டையில். பிறகு, பார்த்த கட்டைகள் கூடக் கூடச் சிற்றினங்கள் எப்படிக் கூடுகின்றன என்று கோடு வரையுங்கள். மரத்தை அழுகவைக்கும் பூஞ்சைகளில் ஒரே ஒரு முறை மட்டும் கிடைப்பவை ஏராளம், அதனால் கோடு தட்டையாவது அரிது. அதற்காகத்தான், கண்ணில் படாமல் போன சிற்றினங்களையும் சேர்த்து மதிப்பிடும் சாவோ மதிப்பீடு போன்ற கணக்குகள் இருக்கின்றன. இரண்டு காடுகளை ஒப்பிடுவதாக இருந்தால் சமமான எண்ணிக்கைக் கட்டைகளுக்குக் குறைத்து ஒப்பிடுங்கள்.

பெயர்களை எழுதும் நாளில் பூஞ்சைப் பெயர்களின் இணையப் பதிவகங்களான இண்டெக்ஸ் ஃபங்கோரத்திலோ மைக்கோபேங்கிலோ சரிபாருங்கள். பிர்ச் துளைக்காளான் நீண்ட நாள் பிப்டோபோரஸ் பெடுலினஸ் என்று இருந்தது, இப்போது ஃபோமிடாப்சிஸ். பழைய கையேட்டை மட்டும் நம்பினால் ஒரே சிற்றினம் உங்கள் பட்டியலில் இரண்டு பெயரில் இரண்டு முறை நிற்கும்.

மாதிரிகளை அங்கீகாரக் குறியீடு உள்ள ஒரு ஹெர்பேரியத்தில் கொடுங்கள். சேகரிப்புக்குப் போவதற்கு முன்பே பொறுப்பாளரிடம் பேசி, எத்தனை உறை எடுத்துக்கொள்வார்கள், சீட்டு எந்த வடிவில் வேண்டும் என்று கேட்டு வைத்தால் பின்னால் எல்லாச் சீட்டையும் திருப்பி எழுதும் வேலை மிச்சம். அனுமதிக் கடிதத்தின் நகலை உறைகளோடு சேர்த்தே கொடுங்கள். புதுச் சிற்றினம் கிடைத்து வெளியிடும் அளவுக்குப் போனால், 2013 ஜனவரி 1 முதல் மைக்கோபேங்க் போன்ற பதிவகத்தின் எண் இல்லாமல் பெயர் செல்லாது.

பெயர் தெரியாமல் மிஞ்சியவற்றையும் பேரினம் வரை மட்டும் எழுதி, கட்டை எண்ணோடு ஒப்படையுங்கள். அந்தப் பேரினத்தில் வேலை செய்யும் யாராவது பிற்பாடு பெட்டியைத் திறக்கும்போது, மரமும் விட்டமும் அழுகல் நிலையும் எழுதியிருக்கிற உறையைத்தான் முதலில் எடுப்பார்கள்.